நமக்கென ஒரு மென்பொருட் களஞ்சியம்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





பல்கலைக்கழகத்திலே படிக்கின்ற பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வந்தால் விழாவிலே ஏதாவது பேசத்தான் வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சமய நூல்களை ஆழக் கற்ற பெரியோர் வீற்றிருக்கும் இச்சபையில் அப்பொருள் பற்றிப் பேசும் தகுதி எமக்கில்லை. ஆகவே நாம் மூன்று மாணவர்கள் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகக் கைவைத்துச் செய்த ஒரு சிறு வேலையைப் பற்றிச் சொல்ல வந்தோம். அதிலே எமது கெட்டித்தனம் கொஞ்சம். எமது பிழை பெரிது. இரண்டையும் மறைக்காமற் சொல்லுவோம். பொருள் யாதெனின், தீவக மக்களாகிய நாம் கணினிகளுக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் ஒன்றை அமைப்பது எப்படி, அமைத்ததைக் காப்பது எப்படி என்பதாம்.

களஞ்சியம் என்றால் என்னவென்று இச்சபைக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றுக் காலத்திலே குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிற் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாத நாளிலும் அடுப்பு எரியவேண்டும். அதற்காகத்தான் எம் பாட்டிமார் பெட்டகத்திலே அரிசியும், பானையிலே ஒடியலும், பாயிலே சுருட்டிய பினாட்டும் வைத்திருந்தார்கள். தேவைப்படும்போது கடைக்குப் போய் வாங்கலாம் என்பது பட்டினத்தார் எண்ணம். தேவைப்படுமுன் வீட்டில் இருக்கவேண்டும் என்பது தீவார் எண்ணம். நாம் சொல்லப்போவது இந்தப் பழைய எண்ணத்தைத் தவிர வேறொன்றுமன்று.

கணினி வெறும் இயந்திரம். அதை இயக்குவது பணிசெயல் முறைமை என்னும் அடிப்படை மென்பொருள். லினக்ஸ் என்பது அவ்வகையானது. 1991 ஆம் ஆண்டிலே பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தம் 21 ஆவது வயதில் அதனை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1983 இல், அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் எல்லோரும் பயன்படுத்தவும், படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கும் முயற்சியை அறிவித்திருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தன. 1993 இல் இயன் மேடொக் என்னும் இன்னொரு மாணவர் இவற்றையெல்லாம் ஒழுங்காகப் பொதிகளாகக் கட்டி வழங்கும் டெபியன் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள தொண்டர்கள் அதை இன்றுவரை நடத்துகிறார்கள். 2025 ஓகஸ்ட் 9 ஆம் திகதி வெளியான அதன் 13 ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. அம்மாணவர் இருவரும் தொடங்கியபோது எம் வயதினரே என்பதை இளைஞர்கள் கவனிப்பார்களாக.

இனி எம் கதைக்கு வருவோம். நெடுந்தீவிலே ஒரு வாசிகசாலையில் வெளிநாட்டு உறவினர் கொடுத்த நான்கு பழைய கணினிகள் இருந்தன. விலை கொடுத்து மென்பொருள் வாங்கப் பணம் இல்லை. திருட்டுப் பிரதிகளைப் போட்டிருந்தார்கள். அவற்றோடு வந்த வைரசுகள் பிள்ளைகளின் வேலைகளை அழித்துக்கொண்டிருந்தன. நாம் மூவரும் போய் நான்கிலும் டெபியனைப் பதித்தோம். பெரிய காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு எமக்கு.

நெடுந்தீவின் இரவு வானம் எப்படிப்பட்டது என்பதை அங்கே தங்கியவர் அறிவர். ஆகையால் நட்சத்திரங்களைக் காட்டும் கே-ஸ்டார்ஸ் என்னும் மென்பொருளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பினோம். வாசிகசாலையில் இணைய அலை வருவதும் போவதுமாய் இருந்தது. ஊர்காவற்றுறையிலே எமது வீட்டிலிருந்து அந்தப் பொதியை இறக்கிப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போய், படகேறி நெடுந்தீவை அடைந்தோம். பதிக்கப் போனால் கணினி மறுத்துவிட்டது. இன்ன இன்ன பொதிகள் முன்னரே இருந்தாலன்றி இது வேலை செய்யாது என்று ஒரு நீண்ட பட்டியலைக் காட்டியது.

கூழ் காய்ச்ச ஒடியல் மா வேண்டும், புளி வேண்டும், மிளகாய் வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் கூழ் இல்லை. மென்பொருளும் அப்படியே. ஒரு பொதி தான் எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்திருக்கிறது என்பதைத் தன் உள்ளே எழுதி வைத்திருக்கும். அந்தப் பட்டியலைக் கொப்பியில் எழுதிக்கொண்டு திரும்பினோம். மறுநாள் அவற்றையும் கொண்டு போனோம். அப்பொழுது அந்தப் பொதிகள் தமக்கு வேறு பொதிகள் வேண்டும் என்றன. மூன்றாம் நாள் படகிலே ஏறும்போது படகோட்டி எம்மைப் பார்த்து, “என்ன தம்பியவை, இண்டைக்கும் மறந்துபோச்சோ?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எமக்குக் களஞ்சியத்தின் அருமையைக் கற்பித்தது.

இப்படி ஒரு கணினிக்கு மட்டும் வேண்டியதைக் கணக்கிட்டு எடுத்துச் செல்ல அப்ட்-ஒவ்லைன் என்றொரு கருவி உண்டு. அதை ஆக்கியவர் ரித்தேஷ் ராஜ் சராப் என்னும் இந்தியர். இணையம் இல்லாத கணினி தனக்கு வேண்டியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். இணையம் உள்ள கணினி அதைப் பார்த்து எல்லாவற்றையும் ஒருமிக்க இறக்கித் தரும். அதை நாம் பின்னரே அறிந்தோம். ஒரு கணினிக்கு அது போதும். ஒரு வாசிகசாலைக்கு, ஒரு பாடசாலைக்கு, ஒரு தீவுக்கு என்றால் களஞ்சியமே வேண்டும். நான்கு கணினிகளுக்கு ஆளுக்கு 300 மெகாபைற் புதுப்பிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே இறக்கினால் 1,200 மெகாபைற் செலவாகும். களஞ்சியம் இருந்தால் 300 மெகாபைற்றை ஒரு முறை இறக்கினாற் போதும். மற்றவை வீட்டுக்குள்ளே பரிமாறப்படும்.

களஞ்சியத்தில் மூன்று பொருள்கள் உண்டு. பொதி, பட்டியல், முத்திரை என்பன அவை. பொதி என்பது மென்பொருளும், அதன் பெயர், பதிப்பு, சார்பு முதலிய விபரங்களும் சேர்த்துக் கட்டப்பட்ட ஒரே கோப்பு. பட்டியல் என்பது எந்தப் பொதி எங்கே இருக்கிறது, அதன் அளவு எவ்வளவு, அதன் அடையாள எண் என்ன என்று கூறுவது. முத்திரை என்பது அந்தப் பட்டியலை இன்னார்தாம் எழுதினார் என்று உறுதி செய்வது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது களஞ்சியமன்று, கோப்புக் குவியலே.

அமைக்கும் முறையைச் சுருக்கிச் சொல்லுவோம்.

முதலாவது இடம். பெரிய இயந்திரம் வேண்டாம். பழைய மடிக்கணினி ஒன்று, அல்லது உள்ளங்கையளவான ஒரு சிறு கணினி, அதனோடு ஒரு வன்தட்டு இருந்தாற் போதும். மின்சாரத்தையும் எண்ணவேண்டும். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் எண்ணெய் எரிக்கும் மின்பிறப்பாக்கிகளை நம்பிப் பல்லாண்டு வாழ்ந்தவை. இந்திய அரசின் நன்கொடையிலே சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டமொன்றை இம்மூன்று தீவுகளிலும் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. எப்படியிருந்தாலும் குறைந்த மின்னில் வேலை செய்யும் இயந்திரமே எமக்கு ஏற்றது. மடிக்கணினிக்கு இன்னொரு நன்மை: மின் தடைப்பட்டாலும் அதன் மின்கலம் சிறிது நேரம் தாங்கும்.

இரண்டாவது எடுப்பு. 70,000 பொதிகளையும் கொண்டுவர முயலக்கூடாது. அரிசிக் கடையை வீட்டுக்குக் கொண்டுவருபவர் யார்? எமக்கு வேண்டியவற்றை மாத்திரம் தெரிந்தோம். தமிழ் இடைமுகத்தோடு கூடிய லிப்றே ஒவ்விஸ், தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ரெசறாக்ட், சிறுவர் விளையாடிக் கற்கும் ஜிகொம்பிறி, இணையமின்றி விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ், நாம் மூன்று நாள் அலைந்த கே-ஸ்டார்ஸ் ஆகியனவும், இவற்றின் சார்புகள் அனைத்துமே எமது இருப்பு. பின்பு நாமே ஒரு பொதி கட்டினோம். அதற்குள் மென்பொருள் எதுவும் இல்லை. மேலே சொன்னவையெல்லாம் வேண்டும் என்ற சார்புப் பட்டியல் மட்டுமே உண்டு. இப்படிப்பட்ட வெறும் பொதியைக் கட்ட ஈக்விவ்ஸ் என்ற கருவி உதவும். அதற்குத் ‘தீவகப் பாடசாலை’ என்று பெயரிட்டோம். புதிய கணினி ஒன்றிலே அந்த ஒரு பெயரைச் சொன்னால் எல்லாம் தாமே வந்து பதியும்.

மூன்றாவது பட்டியல். இதைக் கையால் எழுதவேண்டியதில்லை. றெப்றெப்றோ என்னும் கருவியிடம் பொதிகளை ஒப்படைத்தால், அவற்றை ஓரிடத்தில் அடுக்கி, பட்டியல்களை இன்னோரிடத்தில் எழுதிவிடும். அப்ட்லி என்பது இன்னொரு கருவி. இன்றைய இருப்பை ஒரு நிழற்படம்போல எடுத்து வைத்து, நாளைக்குப் பிழைத்தால் இன்றைய நிலைக்கே திரும்ப அது வழி செய்யும். பெடோரா முதலிய வேறு லினக்ஸ் வகைகளுக்குப் பொதியின் வடிவமும் கருவியும் வேறு, முறை ஒன்றே.

நான்காவது முத்திரை. இதைப் பற்றிப் பிறகு விரித்துச் சொல்லுவோம்.

ஐந்தாவது வழங்கல். களஞ்சியக் கணினியில் ஓர் இணையச் சேவையகத்தை நிறுவி, சிறிய றவுட்டர் ஒன்றால் மற்றக் கணினிகளோடு இணைத்தோம். வெளியுலக இணையம் இதற்கு வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினியிலும், பொதி வேண்டுமானால் இந்த முகவரியிலே கேள், இந்தத் திறவுகோலால் முத்திரையைச் சரிபார் என்று ஒரு சிறு கோப்பு எழுதினோம். நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள கணினிகளுக்கு அதே களஞ்சியத்தின் பிரதியை வன்தட்டிலே படகிலும் வண்டியிலும் கொண்டு சென்றோம்.

இதைச் செய்ய எமக்கு உரிமையுண்டா என்று சிலர் கேட்டனர். நல்ல கேள்வி. இம்மென்பொருள்களின் உரிமங்கள் பிரதி செய்து பிறருக்குக் கொடுப்பதை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. ஆனால் ஜி.பி.எல். என்னும் உரிமம் ஒரு கடமையையும் விதிக்கிறது. மென்பொருளைக் கொடுப்பவர் அதன் மூலநிரலும் கிடைக்க வழி செய்ய வேண்டும். நெல்லைக் கொடுப்பவர் விதைநெல்லை ஒளிக்கக்கூடாது என்பது அதன் கருத்து. ஆகவே மூலநிரற் பொதிகளையும் களஞ்சியத்திலே வைத்தோம்.

இனி முத்திரைக்கு வருவோம். களஞ்சியத்தை வாசிகசாலையில் வைத்த நாளன்று, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “தம்பி, நீங்கள் கடல் தாண்டிக் கொண்டுவாற சாமானிலை வழியிலை ஆரும் கைவைக்கேல்லை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். “ஐயா, இது நல்ல இடத்திலிருந்து எடுத்தது” என்றோம். “நல்ல இடத்திலை எடுத்தது சரி. இஞ்சை வந்தது அதுதானோ?” என்றார்.

அவர் தொழிலிலிருந்தே விடை சொன்னோம். தபாற் பையின் உள்ளே கடிதங்கள். அவற்றோடு ஒரு சிட்டை. பையின் வாயிலே அரக்கு முத்திரை. இங்கும் அப்படியே. ஒவ்வொரு பொதிக்கும் கணிதமுறையால் 64 எழுத்துக்கள் கொண்ட ஓர் அடையாள எண் பெறப்படும். பொதியிலே ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். பொதிகளின் எண்கள் பட்டியலில் இருக்கும். பட்டியலின் எண் தலைப்பட்டியலில் இருக்கும். தலைப்பட்டியலுக்கு ஜி.பி.ஜி. என்னும் கருவியால் முத்திரை இடப்படும். முத்திரையிடும் இரகசியத் திறவுகோல் களஞ்சியம் காப்பவரிடம் மட்டும் இருக்கும். அதைச் சரிபார்க்கும் பகிரங்கத் திறவுகோல் எல்லாக் கணினிகளிலும் இருக்கும். ஆகவே தலைப்பட்டியலை நம்பினால் அதன் கீழுள்ள ஒவ்வொரு பொதியையும் நம்பலாம். டெபியன் 2007 இல் வெளியிட்ட 4 ஆம் பதிப்பு முதல் கணினிகள் இதைத் தாமே சோதித்து, முத்திரை இல்லாத களஞ்சியத்தைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கின; இப்பொழுது அதனை ஏற்கவே மறுக்கின்றன. ஐயா அவர்கள் தலையசைத்தார்கள். “அப்ப முத்திரை வைச்சிருக்கிறவன்தான் தபாற்கந்தோர்” என்றார். அந்த வார்த்தையின் கனம் அன்று எமக்கு விளங்கவில்லை.

இரகசியத் திறவுகோல் எம் மூவரில் ஒருவருடைய மடிக்கணினியில் இருந்தது. அவரே கெட்டிக்காரர், அவரே எல்லாம் செய்வார், நாம் பக்கத்தில் நின்று பார்ப்போம். சென்ற ஆண்டு அவருக்கு வெளிநாட்டிலே படிக்க இடம் கிடைத்தது. மாலை போட்டு வழியனுப்பினோம். பயணச் செலவுக்காக மடிக்கணினியை அழித்துத் துப்புரவாக்கி விற்றுவிட்டுப் போனார். திறவுகோலை வேறிடத்தில் வைத்தீரா என்று நாமும் கேட்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. இரண்டு மாதங்களின் பின் புதிய பொதி ஒன்றைச் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது. பொதி உண்டு, பட்டியல் உண்டு, முத்திரையிடக் கை இல்லை. போதாக்குறைக்கு அந்தத் திறவுகோலின் ஆயுளை ஓராண்டு என்று குறித்திருந்தோம். அத்திகதி கடந்ததும் எல்லாக் கணினிகளும் எமது களஞ்சியத்தை ஏற்க மறுத்துவிட்டன.

அவரைக் குறை சொல்ல நாம் இங்கு நிற்கவில்லை. தீவகத்திலே எந்த வீட்டிலிருந்து ஒருவர் போகவில்லை? போவார்கள் என்பது தெரிந்தும் ஒருவர் கையிலே எல்லாவற்றையும் விட்டது எம் பிழை.

அதற்கு மேலும் ஒரு பிழை செய்தோம். முத்திரையைச் சோதிக்காமலே நம்பு என்று கணினிக்குக் கட்டளையிட ஒரே ஒரு சொல் போதும். பரீட்சை நெருங்கியிருந்தது, பிள்ளைகள் காத்திருந்தார்கள். இரண்டு கணினிகளில் அந்தச் சொல்லை எழுதிவிட்டோம். வேலை நடந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே எழுந்தோம். பத்திரிகை மேசையிலிருந்து ஐயா, “என்னண்டு சரிவந்தது?” என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை, உள்ளதைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “முப்பது வரியத்திலை முத்திரை உடைஞ்ச பையை நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டு எடுக்கேல்லை. எடுத்தால் அண்டைக்கு ஒண்டும் நடவாது. நடக்கிற அண்டைக்கு எந்தப் பையிலை எண்டு தெரியாது” என்றார். அன்றிரவே அந்தச் சொல்லை அழித்தோம். வாசிகசாலை ஒரு வாரம் புதிய பொதியின்றி இருந்தது.

புதிய திறவுகோல் ஆக்கினோம். அதன் பகிரங்கப் பகுதியைக் கையாலே எடுத்துக்கொண்டு நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை என்று ஒவ்வொரு கணினியாகப் போய்ப் பதித்தோம். இணையத்தாலோ தொலைபேசியாலோ அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் நம்பிக்கை நேரிலே கொடுக்கப்படவேண்டும் என்று அப்பொழுது எமக்குப் புத்தி வந்திருந்தது.

இப்பொழுது எமது ஒழுங்கு வருமாறு. தலைமைத் திறவுகோல் எந்தக் கணினியிலும் இல்லை. அது இரண்டு பென்ட்ரைவுகளில் இரண்டு தீவுகளிலே பெரியோரின் அலுமாரிகளில் இருக்கிறது. காகிதத்தில் அச்சிட்ட பிரதி ஒன்றும் உறையிலிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. திறவுகோல் களவுபோனால் அது செல்லாது என்று உலகுக்கு அறிவிக்கும் இரத்துப் பத்திரத்தையும் முன்னரே எழுதி அதனோடு வைத்திருக்கிறோம். அன்றாட முத்திரைக்கு வேறொரு துணைத் திறவுகோல் உண்டு. அதைப் பயன்படுத்த இருவருக்குத் தெரியும். ஒருவர் ஊரைவிட்டுப் போவதாயின் போகுமுன் மூன்றாமவருக்குக் கற்பிக்க வேண்டும். ஆயுள் முடியும் திகதி வாசிகசாலை நாட்காட்டியிலே சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது. புதிய பகிரங்கத் திறவுகோலைப் பழையது முடியுமுன்னரே ஒரு பொதியாகக் கட்டிக் களஞ்சியத்தின் வழியே அனுப்பிவிடுகிறோம். டெபியனும் தன் திறவுகோல்களை இவ்வாறே அனுப்புகிறது.

முத்திரை சரியாயிருந்தால் எல்லாம் சரி என்று எண்ணுவதும் தவறு. 2024 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் திகதி வெளிவந்த ஒரு செய்தியைச் சொல்லுவோம். எக்ஸ்.செட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் எங்கும் உள்ளது. அதை ஒருவரே களைப்போடு பராமரித்து வந்தார். ஜியா ரான் என்ற பெயரிலே ஒருவர் உதவிக்கு வந்து, ஆண்டுக்கணக்காய் நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றார். பின்பு 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் இரகசியக் கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். முத்திரைகள் எல்லாம் முறைப்படியே இருந்தன. அன்ட்றெஸ் புறொயின்ட் என்னும் பொறியியலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழமையிலும் அரை விநாடி கூடுதலாகச் செல்கிறதே என்று ஐயுற்றுத் தேடி அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புக்குள் அது புகுந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்பை எட்டவில்லை.

இதிலிருந்து நாம் கற்றவை இரண்டு. முத்திரை, அனுப்பியவர் யார் என்று சொல்லும். அனுப்பியது நல்லதா என்று சொல்லாது. ஆகவே புதியது வந்தது என்று ஓடிப்போய் எடுக்காமல் நிலையான பதிப்பிலிருந்தே எடுக்கிறோம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதிப்பதில்லை. எடுத்து வைத்த அரிசியிலும் கவனியாவிட்டால் வண்டு விழும். மற்றது, ஒருவர் தனித்துக் களைத்துப்போகும் இடத்தில்தான் தீமை புகும். அந்த உலகப் பெரிய மென்பொருளுக்கும் எமது சின்னஞ்சிறு களஞ்சியத்துக்கும் நேர்ந்தது ஒருவகையில் ஒன்றே. சுமையை ஒருவர் தோளில் வைத்துவிட்டு மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எல்லாம் வெளிநாட்டார் செய்து வைத்திருக்கிறார்களே, நாம் ஏன் வருந்தவேண்டும் என்று கேட்பாரும் உளர். ஆறுமுக நாவலரவர்களை நினைப்போம். யாழ்ப்பாணத்திலே அச்சுத் தொழிலை வளர்த்தவர் மிஷனரிமார். நாவலரவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணை செய்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலை தொடங்கியபோது பிள்ளைகளுக்குப் புத்தகமில்லை. அடுத்த ஆண்டு சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். அச்சை அவர் கண்டுபிடிக்கவில்லை. தம் ஊருக்கு வேண்டியதைத் தாமே தெரிந்து, தாமே பிழை திருத்தி, தாமே வழங்கும் வல்லமையைத் தேடிக்கொண்டார். அவர் பதிப்பென்றால் பிழையில்லை என்ற பெயர்தான் அவர் முத்திரை. நாமும் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கு எமக்குக் கணினியைத் தொடக் கற்பித்த ஆசிரியர்களுக்கு என்றும் கடமைப்பட்டவர்கள். கற்ற இடத்துக்கு நன்றி, ஊருக்குப் பயன் என்னும் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல என்பதற்கு நாவலரவர்களின் அச்சுக்கூடமே சான்று.

இன்னுமொன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. அவை மீளவில்லை. 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களைப் பிரதிசெய்து காத்து வருவது அந்தப் பாடத்தைக் கற்றதனாலேயே. எமது களஞ்சியத்தில் உள்ளவை ஏடுகள் அல்ல. உலகில் வேறெங்கும் கிடைப்பவைதாம். ஆயினும் மூன்று இடத்தில் மூன்று பிரதி என்னும் பழக்கத்தைச் சிறிய பொருளிலே பழகினால்தான் பெரிய பொருளிலே கைவரும்.

முடிவாக, இச்சபையை மூன்று கேட்கிறோம். பெரியோர்களே, எமக்குப் பணம் வேண்டாம். ஒரு மேசையும், ஒரு மின்தொடுப்பும், பூட்டுள்ள அலுமாரியில் ஓர் உறை வைக்க இடமும் தாருங்கள். அதற்கு மேலாக, அன்று ஐயா கேட்டதுபோல, “என்னண்டு சரிவந்தது?” என்று எம்மைக் கேளுங்கள். நாம் படித்தவர்கள் என்று எண்ணிக் கேளாமல் விடாதீர்கள்.

இளைஞர்களே, கணினி விற்பன்னர் ஆனாலன்றி இதிலே சேர முடியாது என்று அஞ்சவேண்டாம். வன்தட்டைப் படகிலே நனையாமற் கொண்டு செல்பவரும், நாட்காட்டியிலே சிவப்புத் திகதியைப் பார்த்து நினைவூட்டுபவரும் களஞ்சியம் காப்பவர்களே. வருகிற விடுமுறையில் அனலைதீவிலும் எழுவைதீவிலும் ஒவ்வொரு பிரதி வைக்க எண்ணியிருக்கிறோம். கூட வாருங்கள்.

எமது நண்பர் இப்பொழுது வெளிநாட்டிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை எம்மோடு பேசுகிறார். புதிய பட்டியலை அங்கிருந்தே சரிபார்த்துத் தருகிறார். முத்திரை மட்டும் இங்கே இடப்படுகிறது. எம்மிருவரில் ஒருவர் அடுத்த ஆண்டு போகலாம். அதற்கு முன் முத்திரையிடக் கற்ற கைகள் இந்தத் தீவுகளிலே இன்னும் நான்காவது இருக்கவேண்டும். அதற்காகவே இன்று இம்மேடையில் நின்றோம்.